சின்ன மண்டபக் கச்சேரிகள்: போய்க் கேட்டவர்கள் இங்கே எழுதலாம்

லஸ்முனை
வியாழன், இரவு 9:50

மார்கழி வந்தால் எல்லாரும் எழுதுகிறார்கள். பெரிய சபா, பெரிய பெயர், மறுநாள் காலையே விமரிசனம், கூடவே கேண்டீன் அடைக்கு மதிப்பெண். மற்ற மாதங்களில் என்ன நடக்கிறது என்று எழுத ஆள் இல்லை. மயிலாப்பூரைச் சுற்றி மட்டுமே ராக சுதா ஹால், ஆர்கே கன்வென்ஷன் சென்டர், பாரதிய வித்யா பவனின் சின்ன அரங்கு, கோகலே சாஸ்திரி மண்டபம் என்று இடங்கள் இருக்கின்றன. வாரத்தில் ஏதாவது ஒரு மாலை ஏதாவது ஒன்றில் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் அனுமதி இலவசம். இடம் பிடிக்க ஓட வேண்டாம்.

போன வாரம் அப்படி ஒன்றுக்குப் போனேன். பாடிய பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். முதல் இரண்டு உருப்படியும் பயந்து பயந்துதான் பாடினார். வர்ணத்தில் இரண்டாம் காலம் எடுத்தபோது வயலின்காரர் கொஞ்சம் முன்னால் ஓடிவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு சேர்ந்தார்கள். அப்புறம் பேகடா. இந்த ராகத்தின் மத்யமமும் நிஷாதமும் சொன்ன இடத்தில் நிற்கிறவை அல்ல. ஹார்மோனியக் கட்டையில் தேடினால் அகப்படாது. பெரிய அரங்கில் ஸ்பீக்கர் வழியாக எதிரொலியோடு வரும்போது அந்த மத்யமம் வெறும் 'ம' ஆகிவிடுகிறது. இங்கே நான் நாலாவது வரிசை. அந்தப் பெண் அதைத் தொட்டு, அசைத்து, ஒரு நூல் மேலே தள்ளி நிறுத்துவது நன்றாகக் காதில் விழுந்தது. ஆலாபனை நீளம் இல்லை. ஆனால் பேகடாதான் பாடினார், பக்கத்து ராகம் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை.

மெயின் உருப்படி சுமார். கல்பனா ஸ்வரத்தில் (மேடையிலேயே கற்பனையாகப் பாடும் ஸ்வரங்கள்) கணக்கு அதிகம், ராகம் குறைவு. இந்த வயதில் எல்லாரும் செய்வதுதான்.

இந்த இழைக்கு இரண்டே வேண்டுகோள். இப்போதுதான் மேடை ஏறுகிற பிள்ளைகள் என்றால் பெயர் போடாதீர்கள். 'திவ்யமா இருந்தது' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்; காதில் என்ன விழுந்தது என்று எழுதுங்கள்.

பாலக்கரை பாபு
வியாழன், இரவு 10:05

கேண்டீன் இல்லாத கச்சேரிக்கு ஏன் சார் போக வேண்டும்?

லஸ்முனை
வியாழன், இரவு 10:11

வெளியே வந்தால் லஸ் முழுக்க ஓட்டல்தான் சார். வாங்க, நான் வாங்கித் தருகிறேன்.

தொப்பிப்பக்கம்
வியாழன், இரவு 11:30

நல்ல இழை. நான் மிருதங்கத்துக்காகக் கச்சேரி போகிறவன், பாட்டு எனக்கு இரண்டாம்பட்சம். அதனால் ஒன்று சொல்கிறேன்: சின்ன மண்டபத்தில் எங்கே உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்து கச்சேரியே வேறாகிவிடும்.

வழக்கமான மேடை அமைப்பில் பாடகருக்கு வலது கைப் பக்கம் மிருதங்கம், இடது கைப் பக்கம் வயலின். நமக்குப் பார்க்க மிருதங்கம் இடப்பக்கம் இருக்கும். அப்படி உட்கார்ந்தால்தான் வலந்தலை (மிருதங்கத்தின் கூர்மையான ஒலி தரும் முகம்) சபையைப் பார்க்கும். தொப்பி (கனத்த ஒலி தரும் மறு முகம்) மேடையின் பின்சுவரைப் பார்க்கும். மைக் இருந்தால் இரண்டு பக்கமும் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள், பிரச்சினை இல்லை. பிரச்சினை இல்லை என்றா சொன்னேன், அதுதான் பெரிய பிரச்சினை. தொப்பிக்கு நேரே ஒரு மைக்கை வைத்து ஏற்றினால் வருவது கும்கி (தோலில் கையை அழுத்தி இழுத்து எழுப்பும் கும்மென்ற நாதம்) இல்லை, பக்கத்து வீட்டில் கட்டில் நகர்த்தும் சத்தம்.

மைக் இல்லாத இடத்தில் தொப்பி நாதம் பின்சுவரில் பட்டுத்தான் நமக்கு வரும். சுவர் வெறும் சுவராக இருந்தால் நல்லது. பின்னால் வெல்வெட் திரை, பிளெக்ஸ் பேனர் எல்லாம் கட்டியிருந்தால் கொஞ்சம் போய்விடும். அதனால் நான் பேனரைப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலி பார்ப்பேன். மிருதங்கத்துக்கு நேர் எதிரே முதல் வரிசை வேண்டவே வேண்டாம், வலந்தலையின் சாப்பு காதில் அறையும். நடுவில் மூன்றாவது, நாலாவது வரிசை சரி.

இடது கைக்காரர் வாசித்தால் இந்தக் கணக்கு எல்லாம் மாறும். வலந்தலை சபையைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் மறுபக்கம் உட்கார வேண்டும், வயலின்காரர் இடம் மாற வேண்டும். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். இந்த இட மாற்றத்துக்கு ஒத்துக்கொள்ளாத வயலின்காரர்களால் அவருக்குக் கச்சேரிகள் போனதாகப் பழைய ரசிகர்கள் சொல்வார்கள். தொப்பியில் அவர் காட்டிய கும்கியைப் பற்றி இன்றும் பேசுகிறோம், அந்த வயலின்காரர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இன்னொன்று: சீக்கிரம் போங்கள். தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் எடுத்து, மறுபடி ஒட்டி, கல்லால் வாரைத் தட்டிச் சுருதி சேர்ப்பதை இரண்டடி தள்ளி நின்று பார்க்கலாம். பெரிய சபாவில் திரைக்குப் பின்னால் முடித்துவிடுவார்கள்.

புதுக்காது
வெள்ளி, காலை 8:15

வணக்கம். நான் இதற்கெல்லாம் புதிது. சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்தவன். யூடியூபில் தற்செயலாக ஒரு வயலின் கச்சேரி கேட்டதிலிருந்து ஆர்வம். நேரில் போக ஆசை, ஆனால் இருபது பேர் இருக்கும் இடத்தில் நான் ஒருவன் தப்பாகக் கை தட்டினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று பயம். தாளம் போட வராது. பாதியில் எழுந்து போகலாமா? வேட்டிதான் கட்ட வேண்டுமா?

தொப்பிப்பக்கம்
வெள்ளி, காலை 8:40

ஜீன்ஸ் போட்டுக்கொண்டு தாராளமாகப் போங்கள். தாளம் போட வேண்டிய கட்டாயம் இல்லை. தப்பாகப் போடுவதைவிடக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது மேடையில் இருப்பவர்களுக்குச் செய்யும் உபகாரம். சின்ன மண்டபத்தில் உங்கள் கை அவர்கள் கண்ணில் படும். தொடையில் ஓங்கி அடித்துத் தப்புத் தாளம் போட்ட ஒருவரால் கஞ்சிராக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்ததைப் பார்த்திருக்கிறேன்.

எழுந்து போகலாம், ஒரு உருப்படி முடிந்ததும். தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி) ஆரம்பித்ததும் மட்டும் எழுந்து போகாதீர்கள். பெரிய அரங்கில் தனி என்றால் பாதிப் பேர் கேண்டீனுக்கும் கழிவறைக்கும் போகிறார்கள், வாசிக்கிறவர் பழகிவிட்டார். இருபது பேரில் எட்டுப் பேர் போனால் அவர் முகத்துக்கு நேராகப் போகிற மாதிரி.

கை தட்டும் இடம் தெரிய ஒரு வழி. கோர்வை என்றால் கடைசியில் ஒரு சொற்கட்டு மூன்று தடவை வரும். மூன்றாவது தடவை முடிகிற இடம் சமத்திலோ (தாளம் தொடங்கும் இடம்), பல்லவியின் எடுப்பிலோ (பாட்டு தொடங்கும் இடம்) வந்து விழும். பாடகர் அங்கே பாட்டை எடுப்பார். அப்போது தட்டுங்கள். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இணுவில் மருதடி
வெள்ளி, பிற்பகல் 2:20

சென்னைக்காரர் எல்லாம் மண்டபம், நாற்காலி என்று கதைக்கிறீர்கள். நான் யாழ்ப்பாணம். எங்கட ஊரில் இப்படியான கச்சேரிக்குக் கதிரையே இல்லை, கோயில் வெளிவீதி மணல்தான். திருவிழாக் காலத்தில் சாமி வீதி வலம் வந்து ஒரு இடத்தில் நிற்கும். அங்கே நாதஸ்வரம், தவில் சமா தொடங்கும். நல்லூர் 25 நாள் திருவிழாவுக்கு வரும் சனத்தை விடுங்கள். அதைச் சின்னது என்று சொல்ல ஏலாது. நான் சொல்வது இணுவில், அளவெட்டிப் பக்கத்துச் சின்னக் கோயில்கள். சுற்றி இருந்து கேட்கிறவர்களில் பாதிப் பேர் மேளக்காரர் வீட்டுப் பிள்ளைகளாகவே இருப்பார்கள். அங்கே பிழை விட்டால் உடனே தெரிந்துவிடும்.

தவிலுக்கு மைக் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வலந்தலையில் விரல்களில் கூடு போட்டு அடிக்கிறார்கள், தொப்பியில் கழி. ஊர் எல்லை வரை கேட்கிற வாத்தியம் அது. அதை மைக்கில் கேட்டு 'சத்தம்' என்று சொல்கிறவர்கள் பத்தடி தூரத்தில் மணலில் இருந்து கேட்கவேண்டும். வேகமான சொல்லிலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும். கூடு தோலில் படுகிற சத்தம் வேறு, கழி படுகிற சத்தம் வேறு என்று பிரிந்து கேட்கும்.

1975-இல் மறைந்த தெட்சணாமூர்த்தியின் தவிலை நேரே கேட்கிற வயது எனக்கு இல்லை. அப்பா கேட்டிருக்கிறார். தமிழ்நாட்டு நாதஸ்வர வித்துவான்களோடும் வாசித்தவர் அவர். இப்பவும் ஒரு நல்ல தவில்காரர் வாசித்து முடிய, பின்னால் இருந்து ஒரு கிழவர் 'தெட்சணாமூர்த்தியைக் கேட்டிருக்கவேணும்' என்று சொல்லாமல் போகமாட்டார். அதையும் கேட்டுக்கொண்டுதான் எங்கட பெடியள் வாசிக்கிறார்கள், பாவம்.

போன திருவிழாவில் கேட்டது பற்றி: இரண்டு தவில், இரண்டு நாதஸ்வரம், எல்லாரும் முப்பதுக்குக் கீழே. காம்போதி வாசித்தார்கள். மூச்சு நீளம் பிரமாதம். ஆனால் சனம் கை தட்டுகிறது என்று திரும்பத் திரும்ப மேல் ஸ்தாயிக்கே போனார்கள். கீழே இறங்கி வாசித்த இரண்டு இடம்தான் எனக்கு ராகமாகக் கேட்டது. அப்புறம் சனம் சினிமாப் பாட்டுக் கேட்டது, வாசித்தார்கள். அதையும் நன்றாகவே வாசித்தார்கள்.

சட்டிமேளம்
வெள்ளி, மாலை 6:45

யாழ்ப்பாணத்து அண்ணன் எழுதியதைப் படித்ததும்தான் எனக்கு எழுதத் துணிவு வந்தது. நான் வடசென்னை. இந்த இழையைப் படித்தால் சின்னக் கச்சேரி என்றாலே மயிலாப்பூர் என்று இருக்கிறது. எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் ராத்திரி முழுக்க கானா நடக்கும். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக், சில நேரம் அதுவும் இல்லை. சட்டி, டேப், டோலக் என்று தோல் வாத்தியங்கள். பழைய ஆட்கள் இருந்தால் புல்புல்தாரா என்ற தந்தி வாத்தியம். பாடுகிறவர் இறந்தவரின் பெயரை, தெருவை, அவர் செய்த தொழிலைக் கேட்டுக்கொண்டு அங்கேயே பாட்டில் சேர்ப்பார். இதைவிடச் சின்ன அரங்கும், இதைவிடக் கவனமாகக் கேட்கிற கூட்டமும் எங்கே இருக்கிறது? அழுதுகொண்டிருக்கிறவர்கள் முன்னால் பாட வேண்டும். ஒரு வரி பிசகினால் வீட்டுக்காரர்கள் கோபப்படுவார்கள்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் முதல் மேடைக்குப் போயிருந்தேன். அது சின்னது இல்லை, மைதானம் நிறைந்த கூட்டம். அங்கே கானாவை கோட் சூட் போட்டுக்கொண்டு பாடினார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கானாவுக்கு விமரிசனம் எழுத ஆரம்பித்தார்கள். ஆனால் எழுதியவர்கள் எல்லாம் அரசியலை எழுதினார்களே தவிர, யார் எந்தச் சுருதியில் பாடினார், டோலக் எப்படி இருந்தது என்று ஒருவரும் எழுதவில்லை. பேகடாவுக்கு எழுதுகிற மாதிரி கானாவுக்கும் எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மாடவீதி கிருஷ்ணன்
வெள்ளி, இரவு 7:30

ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம் உண்டு. கர்நாடக இசை இழையில் இதைக் கொண்டுவந்து சேர்ப்பானேன்?

லஸ்முனை
வெள்ளி, இரவு 7:52

தலைப்பில் கர்நாடக இசை என்று நான் போடவில்லையே சார். சட்டிமேளம், நீங்கள் அடுத்து கேட்பதை இங்கேயே எழுதுங்கள். டோலக் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் முதல் விழா நடந்தபோதும் இதே 'அதனதன் இடம்' பேச்சு வந்தது. கடற்கரைக் குப்பத்தில் வயலினும் மிருதங்கமும் வாசித்தார்கள், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஒரு குறை: கடற்காற்று மைக்கில் அடித்து ஆலாபனையில் பாதி 'புஸ்ஸ்' என்று போனது. அதைச் சொன்னால்தான் நேர்மை.

மதியம்இரண்டுமணி
வெள்ளி, இரவு 10:40

நான் வயலின் வாசிக்கிறவள். பக்கவாத்தியம். லஸ்முனை அவர்கள் பெயர் போடாதீர்கள் என்றது எங்கள் நன்மைக்குத்தான், புரிகிறது. ஆனால் மேடையிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

மார்கழி சீசனில் எங்களுக்குக் கிடைப்பது மதியம் ஒன்றே முக்கால், இரண்டு மணி. சாப்பிட்டுவிட்டு ஏசிக்காக வந்து தூங்குகிறவர்கள், பாடுகிறவரின் அத்தை, சித்தி, குரு, குருவின் மற்ற சிஷ்யர்கள். இவர்களை எடுத்துவிட்டால் விரல் விட்டு எண்ணலாம். இதற்காக ஒரு மாதம் சாதகம் செய்திருப்போம். பத்திரிகைக்காரர்கள் மாலை ஆறு மணிக்குத்தான் வருவார்கள். எங்களைப் பற்றி எங்கும் ஒரு வரி வராது. நீங்களும் பெயர் இல்லாமல் 'ஒரு பெண், இருபது வயது இருக்கலாம்' என்று எழுதினால் அந்தப் பெண்ணுக்கு அதில் என்ன இருக்கிறது? அந்தப் பேகடாவைப் பாடியவர் யார் என்று தெரிந்தால் அடுத்த கச்சேரிக்கு இந்த இழையிலிருந்து இரண்டு பேராவது வருவார்கள்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சபாவில் (பெயர் வேண்டாம்) எங்கள் குழுவுக்கு மேடை கொடுத்தார்கள், கூடவே 'நன்கொடை' கேட்டார்கள். பாடினவரின் அப்பா கொடுத்தார். அந்தப் பணத்திலிருந்துதான் எனக்கும் மிருதங்கக்காரருக்கும் சம்பளக் கவர் வந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். கவரில் இருந்தது ஆட்டோவுக்குச் சரியாகப் போனது. வாத்தியப் பெட்டியோடு பஸ்ஸில் ஏற முடியாது, மிருதங்கத்தோடு அறவே முடியாது.

தொப்பிப்பக்கம்
வெள்ளி, இரவு 11:05

நன்கொடை விஷயம் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. எழுதியதற்கு நன்றி அம்மா.

பெயர் பற்றி: நல்லதை எழுதும்போது பெயர், குறையை எழுதும்போது பெயர் இல்லாமல் என்று வைத்துக்கொள்ளலாமா?

லஸ்முனை
வெள்ளி, இரவு 11:20

அப்படி வைத்தால் பெயர் உள்ளது எல்லாம் பாராட்டு மட்டுமாக ஆகிவிடும். பாராட்டு மட்டும் வருகிற இடத்தை யாரும் நம்ப மாட்டார்கள். வாட்ஸப்பில் அதுதானே நடக்கிறது? மலர் கொத்து, கைகூப்பு, 'அபாரம்'. பாடினவருக்கே சலிப்பாக இருக்கும்.

மதியம்இரண்டுமணி
சனி, காலை 6:30

நான் பாராட்டு கேட்கவில்லை. 'மெயின் உருப்படி சுமார், கணக்கு அதிகம் ராகம் குறைவு' என்று எழுதினீர்களே, அதை என் பெயரோடு எழுதினாலும் எனக்குச் சம்மதம். அதில் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது. 'குரல் சரியில்லை, புடவை நன்றாக இருந்தது' என்று எழுதுகிறவர்கள்தான் வேண்டாம். அப்படியும் எழுதுகிறார்கள். குறை சொன்னால் காரணம் சொல்ல வேண்டும், இசையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டுப்பாடு போதும், பெயரை மறைக்க வேண்டாம்.

லஸ்முனை
சனி, காலை 9:10

சரி. அப்படியே வைத்துக்கொள்வோம். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் பெயர் வேண்டாம். மற்றவர்கள் என்றால் பெயர் போடும் முன் கச்சேரி முடிந்ததும் மேடையருகே போய் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சின்ன மண்டபத்தில் அது முடியும்.

மொட்டைமாடி
சனி, பகல் 12:15

நங்கநல்லூர்ப் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கச்சேரி வைக்கிறோம். பணப் பேச்சு வந்ததால் எங்கள் வழியைச் சொல்கிறேன்.

டிக்கெட் கிடையாது. மாடிப்படி அருகே ஒரு உண்டியல், பக்கத்தில் ஜிபே ஒட்டிய அட்டை. வருவதை முழுக்கக் கலைஞர்களுக்குக் கொடுத்துவிடுவோம், காபி செலவு எங்களுடையது. பாடுகிறவர், வயலின், மிருதங்கம் மூவருக்கும் சமபங்கு. வழக்கத்தில் பாடுகிறவருக்குத்தான் பெரிய பங்கு போகும், பக்கவாத்தியத்துக்கு மிச்சம். ஆரம்பத்தில் இதற்கு ஒரு பாடகர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் இல்லாமலே நடத்திக்கொண்டோம்.

மைக் கிடையாது. சுருதிப் பெட்டியையும் வைப்பதில்லை. தம்புராவில் ஒரு மாணவி உட்காருவாள். பெட்டியின் சத்தம் ஒரே அளவில் வந்துகொண்டே இருக்கும். சிறிய இடத்தில் அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். தம்புரா அப்படி இல்லை. ஆனால் சென்னை ஈரப்பதத்தில் தந்தி இறங்கிவிடும், இரண்டு உருப்படிக்கு ஒரு தடவை சரி பார்க்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.

வீணைக் கச்சேரி ஒன்று வைத்தோம். வாசித்தவர் முதலில் வாத்தியத்திலேயே ஒட்டும் காண்டாக்ட் மைக் இல்லாமல் முடியாது என்றார். வேண்டுமானால் நாற்காலிகளை எடுத்துவிட்டுப் பாய் போட்டு எல்லாரையும் ஐந்தடிக்குள் உட்கார வைக்கிறோம் என்றோம். சம்மதித்தார். மீட்டி முடித்த பிறகு இடது கை விரல் மட்டும் தந்தியை இழுத்துக்கொண்டு போகும்போது வருகிற கமகம் இருக்கிறதே, அதைக் காண்டாக்ட் மைக் எப்போதும் தகரச் சத்தமாக்கித்தான் கொடுத்திருக்கிறது. அன்றைக்குத்தான் நாதம் முழுக்கக் கேட்டது. ஆனால் மிருதங்கத்தை ரொம்ப அடக்கி வாசிக்க வேண்டியிருந்தது, தனியில் அவருக்கு மனசு நிறையவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

பழைய ரெக்கார்டு
சனி, மாலை 4:00

வீணை என்றதும் வந்தேன். இந்த மாதிரி வீட்டுக் கச்சேரிக்கு முன்னோடி யார் என்றால் வீணை தனம்மாள்தான் (1867–1938). ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை வாசிப்பார். வருகிறவர்கள் பெரிய வித்வான்களும் தேர்ந்த ரசிகர்களும். இருமல் கூட அடக்கிக்கொண்டு கேட்பார்கள் என்பது பிரசித்தம். இத்தனைக்கும் பார்த்தசாரதி சுவாமி சபா 1900-லேயே ஆரம்பித்துவிட்டது. மியூசிக் அகாடமி 1928. சபாக்கள் பெருத்துக்கொண்டிருந்த காலத்தில் இன்னொரு பக்கம் ஒரு அறையில் இது நடந்தது. மைக்கும் அப்புறம்தான் வந்தது. அதற்கு முன் நாடக மேடையில் கிட்டப்பா மாதிரி உச்சச் சுருதியில் பாடினால்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும். இன்றைக்கு ஆண்கள் ஒரு கட்டைச் சுருதியில் நிம்மதியாகப் பாடுவதற்கு மைக்தான் காரணம். அதனால் மைக்கை ஒரேயடியாகத் திட்டாதீர்கள்.

ஒரு மாற்றுக் கருத்தும் சொல்லிக்கொள்கிறேன். வீட்டுக் கச்சேரி என்றால் யார் வீடு, யாருக்கு அழைப்பு என்ற கேள்வி உண்டு. வாட்ஸப் குழுவில் இருப்பவர்களுக்குத்தான் தகவல் போகிறது. அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள்? ஒரே தெரு, ஒரே உறவு, ஒரே சாதி. சபா எப்படி இருந்தாலும் வாசல் திறந்திருக்கும். இலவசக் கச்சேரிக்கு யாரும் உள்ளே போய் உட்காரலாம். மாடிப்படி ஏறி இன்னொருவர் வீட்டுக்குள் போக எல்லாராலும் முடியாது.

சட்டிமேளம்
சனி, மாலை 4:25

இதை நான் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். பெரியவர் சொல்லிவிட்டார், நன்றி ஐயா.

மொட்டைமாடி
சனி, மாலை 5:40

நியாயமான கேள்வி. அடுத்ததை மாடியில் வைக்காமல் தெரு முனையில் இருக்கும் நூலகக் கட்டடத்தில் வைக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன். அங்கே மின்விசிறி மூன்று, மூன்றுமே கிரீச்சிடும். தம்புராவோடு மல்லுக்கு நிற்கும். பரவாயில்லை.

பாலக்கரை பாபு
சனி, மாலை 5:55

விசிறிக்கு எண்ணெய் நான் போடுகிறேன். காபி உண்டல்லவா?

தொப்பிப்பக்கம்
ஞாயிறு, காலை 10:30

இன்று காலை நாகேஸ்வர ராவ் பூங்காவில் மைக் இல்லாக் கச்சேரிக்குப் போய் வந்தேன். பாடியவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அதனால் பெயர் இல்லை.

திறந்த வெளி, பின்சுவர் இல்லை. நான் முதலில் எழுதிய கணக்கு எல்லாம் அங்கே செல்லாது. தொப்பி நாதம் மரத்துக்கும் காக்கைக்கும் போய்ச் சேர்ந்தது. வயலின் முதல் இரண்டு வரிசையைத் தாண்டவில்லை. ஆனால் குரல்! மைக் இல்லை என்று தெரிந்ததும் பிள்ளைகள் வாயைத் திறந்து பாடுகிறார்கள். மைக்கைப் பார்த்தே பழகிய குரல்கள் முணுமுணுப்பாகத்தான் வரும். அகாரமாக ('ஆ' என்று) நாலு ஆவர்த்தனம் பாடச் சொன்னால் காற்று போதாது. இதிலே ஒரு சிறுவன் ஏழு எண்ணிக்கை கொண்ட மிச்ர சாபு தாளத்தைக் கையில் சரியாகப் போட்டுக்கொண்டு, லஸ் சர்ச் ரோடு பஸ் ஹாரனுக்கும் அசராமல் முகாரி பாடினான். சங்கதிகள் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்கள்) எல்லாம் குருவிடம் வாங்கியது அப்படியே இருந்தன, சொந்தமாக எதுவும் இல்லை. இந்த வயதில் அதுதான் வேண்டும்.

குறை ஒன்று: பெற்றோர்கள். கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்று முழுக் கச்சேரியையும் படம் பிடித்தார்கள். பின்னால் இருப்பவனுக்குப் பையன் தெரியவில்லை, அவன் அம்மாவின் முதுகுதான் தெரிந்தது.

இணுவில் மருதடி
ஞாயிறு, பிற்பகல் 1:00

கைபேசி எங்கட பக்கமும் இதே கதைதான். ஒரு தவில்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு 'முதலில் படம் எடுத்து முடியுங்கோ, பிறகு வாசிக்கிறன்' என்று சொன்னார். சனம் சிரித்தது. ஒருவரும் போனை இறக்கவில்லை.

புதுக்காது
ஞாயிறு, இரவு 9:35

எல்லாருக்கும் நன்றி. இன்று மாலை ராக சுதா ஹால் போனேன். ஜீன்ஸ்தான். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் பாட்டுக்குப் பாட்டு ராகத்தின் பெயரை என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். நல்ல மனிதர், ஆனால் அவர் சொல்லும்போதெல்லாம் பாட்டு போய்விட்டது. அதை எப்படி நிறுத்தச் சொல்வது?

கேட்டதைச் சொல்கிறேன், தப்பாக இருக்கலாம். பாடினவரைவிட வயலின்காரர் எனக்குப் பிடித்திருந்தது. பாடினவர் நிறையப் பாடினார். வயலின்காரர் தன் முறை வந்தபோது கொஞ்சமாக வாசித்துவிட்டு நிறுத்தினார், அந்தக் கொஞ்சம் மனதில் நின்றது. சஹானா என்று பெரியவர் சொன்னார். தனி ஆவர்த்தனத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று தடவை வரும் என்றீர்களே, அதை எண்ணிக்கொண்டே இருந்தேன். மூன்று முடிந்தது, கை தட்டினேன். ஆனால் யாரும் தட்டவில்லை, அவரும் நிறுத்தவில்லை. இன்னும் வாசித்துக்கொண்டே போனார். மறுபடி மூன்று, மறுபடி மூன்று. எது கடைசி மூன்று என்று எப்படித் தெரியும்?

தொப்பிப்பக்கம்
ஞாயிறு, இரவு 9:50

நீங்கள் கேட்டது அனேகமாகக் கடைசிக் கோர்வைக்கு முன் வாசிக்கும் மோரா என்ற சொற்கட்டு. அதிலும் மூன்று உண்டு, சின்னக் கோர்வைகளும் நடுவில் வரும். கடைசியை மிருதங்கக்காரரின் கையில் தேடாதீர்கள், பாடகர் முகத்தைப் பாருங்கள். அதுவரை தண்ணீர் குடித்துக்கொண்டு இருப்பவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார், தாளத்தை அழுத்திப் போட ஆரம்பிப்பார். முடிவு வந்துவிட்டது என்று அர்த்தம்.

பெரியவரை ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த தடவை வேறு வரிசையில் உட்காருங்கள்.

மதியம்இரண்டுமணி
ஞாயிறு, இரவு 10:15

புதுக்காது, அந்த வயலின்காரர் பெயர் என்ன? கேட்டீர்களா?

புதுக்காது
ஞாயிறு, இரவு 10:21

கேட்டேன். எழுதலாம் என்றார், ஆனால் இனிஷியலைச் சரியாகப் போடச் சொன்னார். சீட்டில் குறித்துக்கொண்டு வந்தேன், எழுத்து எனக்கே புரியவில்லை. நாளைக்கு மண்டபத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்துவிட்டுப் போடுகிறேன்.